பதினைந்தாவது கோல்

என் சகலையை ஜீவனஹள்ளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் ‘பதினாலு’தான். பால் பாக்கெட் போடுகிறவரிடம் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நம்ம பதினாலா? ஏதோ ஒரு பேரு இருந்திச்சிபா” என்பார்.

காரணம் கால்பந்து. சகலை அடுகோடிக்காரர். இளவயதில் அந்த ஏரியா அணிக்கு கோல்கீப்பராக இருந்தார். எங்கள் மைதானத்தில் வருஷாவருஷம் நடக்கும் போட்டியில் ஒருமுறை எங்கள் தெரு அணியிடம் பதினாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அந்தப் போட்டியில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அத்தனை வாங்கியதில்லை. அடுத்த வருஷமே அதே தெருவில் பெண் கேட்டு வந்து நின்றார். வலைக்குள் போன பந்தைப் பின்னாலேயே போய் எடுத்து வரும் பழக்கம் என்று பேசிக்கொண்டார்கள். வரவேற்பு மேடைக்குப் பின்னால் தெருப் பையன்கள் பிளாஸ்டிக் பந்துகளைத் தோரணமாகக் கட்டினார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துக் கொடுத்தது நான்.

லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் மனுஷர். உயரமான அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனால், “பதினாலுக்கு மேல போவமாட்டேங்குதா?” என்று கூட வேலை செய்கிறவர்களே கேட்பார்கள். எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிடுவார். ஆனால் மகள் காலேஜ் சேர்ந்ததும் அவளுடைய தோழிகள் வீடு தேடி வந்து, “பதினாலு அங்கிள் வீடு இதானே?” என்று கேட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“அண்ணே, எவனாவது பதினஞ்சு வாங்கணும். அன்னிக்குத்தான் எனக்கு விடுதலை” என்றார் என்னிடம்.

தெருவும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. ரெக்கார்டு போனால் பெயரும் போய்விடும் என்று பேக்கரி வாசலில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

இந்த வருஷம் முதல் சுற்றிலேயே எங்கள் தெருவுக்கும் அடுகோடிக்கும் ஆட்டம். அன்றைக்கு மத்தியானம் எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாண விருந்து. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளையாடப் போகிறவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்து, பெண்ணின் அப்பாவே பக்கத்தில் நின்று பரிமாறுவார். வேண்டாமென்று இலையின் மேல் கை வைத்தால் அவர் முகம் சுருங்கிவிடும். பதினொரு பேரும் பிரியாணியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாயங்காலம் மேட்ச் இருக்கே?” என்று கேப்டனிடம் கேட்டேன்.

“ஃபுட்பால் வயித்தால ஆடறதில்ல மாமா, காலால ஆடறது” என்றார் அவர். இலையில் இன்னொரு கரண்டி விழுந்தது.

ஸ்கோர் போர்டு பல வருஷமாக என் பொறுப்பு. பலகையில் அணிக்கு ஒரு கொக்கி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை தகரத் தகடுகள். பழைய பதினாலுக்குப் பிறகு இரண்டாவது கொக்கி அடிக்க வேண்டும் என்று நான் சொல்லாத கூட்டம் இல்லை. இனிமேல் அப்படியெல்லாம் யார் வாங்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பாதி ஆட்டத்துக்குள் அடுகோடி ஒன்பது, நாங்கள் பூஜ்யம்.

நாலாவது கோலுக்கு எங்கள் கூட்டம் வாயடைத்துப் போயிருந்தது. ஆறாவதுக்கு நடுவரின் பரம்பரையையே விசாரித்தது. எட்டாவது விழுந்தபோது எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அதற்கப்புறம் வெட்கம் போய்விட்டது. எங்களுக்கு ஒரு த்ரோ கிடைத்தால் விசில் பறந்தது. எங்கள் ஆள் ஒருவர் பந்தை இரண்டு தடவை தொடர்ந்து தொட்டார் என்று சரவெடியைக் கொளுத்தினார்கள்.

“ஏம்பா, அது கோல் அடிச்சா வெடிக்க வாங்கினதாச்சே!” என்றேன்.

“நமுத்துப் போறதுக்கு இது மேல் இல்லையா மாமா?”

அடுகோடியின் கோல்கீப்பர் வேலையில்லாமல் கம்பத்தில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். “குரு, நிக்கிறியே, சேர் ஒண்ணு போடட்டுமா?” என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் உபசரித்தார். அவரும் கையை உயர்த்தி, “பேடப்பா, பேடா! எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போயிடுவேன்” என்று மரியாதையாக மறுத்தார்.

பத்தாவது விழுந்ததும் இரண்டாவது தகட்டைச் சணலில் கட்டித் தொங்கவிட்டேன். பதினொன்றுக்கு இன்னொரு ‘ஒன்று’ தேவைப்பட்டது. எங்கள் அணியின் தகடுகளில் பூஜ்யம் தவிர மற்றவற்றுக்கு வேலை இல்லாததால் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். கைதட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகடாவது முன்னுக்கு வந்ததாம்.

பன்னிரண்டாவது விழுந்தபோதுதான் யாரோ ஒருவருக்கு உறைத்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. அத்தனை தலைகளும் என் சகலையின் பக்கம் திரும்பின.

மனைவிக்குப் பக்கத்தில் பலகை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் லாட்டரி விழுந்த சேதி கேட்டவரின் முகம்.

“மாமா, இவரப் பாருங்க. சிரிச்சிடப் போறோம்னு கன்னத்தக் கடிச்சிக்கினு உக்காந்திருக்காரு” என்றாள் மச்சினி.

“யாரு சிரிச்சா? சும்னே எதனா சொல்லாத. பல்லு வலி.”

“பதினாலு, நீ எந்தப் பக்கம்பா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“இன்னா கேள்வி? இந்தத் தெரு சோத்தத் துன்னுட்டு அடுகோடிக்கு வேண்டிக்கிறாரு மாப்பிள்ள!”

பதின்மூன்று விழுந்தது. கூட்டம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தது. பிரேசர் டவுன் பக்கம் ஒரு மேகம் தெரிந்தது. அதைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அது வருவதற்குள் பதினாலு விழுந்தது.

அந்தப் பதினாலாவதைப் பிடிக்கப் பாய்ந்ததில் எங்கள் கோல்கீப்பரின் விரல் மடங்கிவிட்டது. சாப்பாடு டெலிவரி செய்கிற இளைஞர். “நாளைக்கி வண்டி ஓட்டணும்ணா. என்னால ஆவாது” என்று கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். மாற்று கோல்கீப்பரைத் தேடினோம். பாதி ஆட்டத்தில் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. கல்யாண வீட்டுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

கோல்கீப்பர் இல்லாமல் ஆட்டத்தை விட்டால் அந்த அணிக்கு அடுத்த வருஷம் இடமில்லை. எதிர் அணிக் கேப்டன் சம்மதித்தால் பார்க்க வந்தவர்களில் ஒருவரை இறக்கலாம். இரண்டும் எங்கள் போட்டியின் பழைய விதிகள். அடுகோடிக் கேப்டன் எங்கள் கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

“அவரு வந்தா எங்களுக்கு ஓகே.”

இரண்டு பக்கமும் எழுந்த சத்தத்தில் நாய்கள் மைதானத்தை விட்டு ஓடின.

“எனக்கு முட்டி வலி” என்றார் சகலை.

“பல்லுன்னு சொன்னீங்க” என்றாள் மச்சினி.

வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டார். செல்போனை என்னிடம் கொடுக்கிற சாக்கில் காதருகே வந்தார்.

“அண்ணே, கரெக்டா சொல்லுங்க. இப்ப ஒண்ணு விட்டேன்னா?”

நான் யோசித்துத்தான் சொன்னேன். “ரெக்கார்டு டீமோடது. ஒரு ஆளுது இல்ல. பதினஞ்சு ஆயிடிச்சின்னா உன்னோட பழைய பதினாலு ரெக்கார்டே இல்ல.”

“அப்போ விட்டா விடுதலை?”

“கணக்குப்படி ஆமா.”

“புடிச்சிட்டா?”

“பதினாலுதான்.”

தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் நடையில் ஒரு குதூகலம் இருந்ததை மச்சினியும் கவனித்தாள். “வுட்டுட்டு வரட்டும், வீட்ல வெச்சிக்கிறேன்” என்றாள்.

மீதி இருந்தது கொஞ்ச நேரம்தான். அடுகோடிக்காரர்கள் எதிர்க்கரையிலிருந்து, “மச்சான், வுட்டுட்றா! உனக்காகத்தான் இவ்ளோ நேரம் அடிச்சோம்!” என்று கெஞ்சினார்கள். எங்கள் தெரு மொத்தமும் எழுந்து நின்று, “பதினாலு! புடி! மானம் போவுது!” என்று கத்தியது. போவதற்கு இன்னும் மிச்சம் இருந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி. ‘ஐந்து’ எழுதிய தகட்டைத் துடைத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன்.

பந்து வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் பிரியாணியோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள். அடித்தவருக்கும் சகலைக்கும் நடுவில் யாருமில்லை. இடது பக்கம், தரையோடு, நல்ல வேகம். அவர் சும்மா நின்றிருந்தால் போதும். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் விழுந்தார். முழு நீளத்துக்கு, கை நீட்டி விழுந்தார். பந்து அவர் விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது.

மண்ணில் கிடந்தபடியே சகலை தன் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “உன்ன யார்ரா நீட்டச் சொன்னா?” என்று கேட்டது போர்டு வரைக்கும் கேட்டது.

அப்புறம் மிச்சமிருந்த பட்டாசு முழுவதும் வெடித்தது. நடுவர் விசில் ஊதியதை யாரும் கவனிக்கவில்லை. பதினாலுக்குப் பூஜ்யம் தோற்ற அணி தன் கோல்கீப்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. கல்யாண வீட்டுத் தமட்டைக்காரர்கள் சத்தம் கேட்டு வந்து கூடவே மேளம் அடித்தார்கள். ஜெயித்தவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். “பதினாலு! பதினாலு!” என்று இரண்டு ஏரியாவும் சேர்ந்து கத்தியது அன்றைக்குத்தான்.

தோள்மேல் இருந்தபடி என்னைப் பார்த்து, “அண்ணே, அந்த போர்டயாவது கழட்டுங்க!” என்று கூவினார். அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை போர்டைக் கழற்றக் கூடாது என்பது விதி. கழற்றவில்லை.

மறுநாள் காலை பேக்கரியில் ஒரு சிக்கல் வந்தது. “பதினாலு!” என்று யாரோ கூப்பிட, சகலையும் திரும்பினார்; விரலில் கட்டுப் போட்டிருந்த டெலிவரி இளைஞரும் திரும்பினார். அவரும் பதினாலு வாங்கியவர்தானே. டீயை ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். ஒருவர் பெரிய பதினாலு, மற்றவர் சின்னப் பதினாலு.

“பெரிய பதினாலு அங்கிள்” என்று மகளின் தோழிகள் மாற்றிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், தேதி பார்க்க முதல் ஆளாகப் போய் உட்காருவது சகலைதான். பஞ்சாங்கத்தோடு போட்டி அட்டவணையையும் கொண்டுபோகிறார். ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொல்கிறார். சாப்பாடு என்னவென்று மறக்காமல் கேட்கிறார். சைவம் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது.