ஒபிரி மாமாவின் இரண்டு சுவரொட்டிகள்

“நான் செத்தா என் மக வருவாளா?”

லாரிப் பட்டறைகள் நிறைந்த எங்கள் சுவாமேயில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் ஒபிரி மாமா என்னிடம் இதைக் கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

அப்போது நாங்கள் ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பள்ளி முடித்து வேலை கிடைக்காத நாலு பேர், இரண்டு போன், தச்சரிடம் அரை நாளுக்கு இரவல் வாங்கிய சவப்பெட்டி. கதை எங்களுடையதல்ல. ‘படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுக்காதவர்கள், பிணத்துக்கு ஏன் பந்தல் போடுகிறார்கள்?’ என்று ஒரு வாரப் பத்திரிகையில் வந்த கட்டுரை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை எழுதியவரைத் திட்டினார்கள். மீதிப் பேர் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். இயக்குநர் பாஃபோ, படமாக எடுத்தே தீருவேன் என்று நின்றான். பிணமாக நடிக்க மாமா ஒப்புக்கொண்டார். சம்பளம் கெங்கே என்ற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும்.

மாமாவுக்கு மனைவி இல்லை. ஒரே மகள் டுஃபி. பத்து வருடத்துக்கு முன் அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வைத்த மது பாட்டிலை, வாங்கினால் சம்மதம் என்று ஆகிவிடும் என்பதால், மாமா தொடவில்லை. “லாரிக்காரனுங்க எப்படின்னு டயர் ஒட்டுறவனுக்குத் தெரியாதா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். டுஃபி தன் தாய்மாமனை அந்தப் பாட்டிலை வாங்க வைத்து, அந்த லாரிக்காரனோடு டெச்சிமான் போய்விட்டாள்.

படத்துக்கு மரணச் சுவரொட்டி வேண்டியிருந்தது. பாஃபோ ஒரு கற்பனைப் பெயர் எழுதி வைத்திருந்தான்.

“என் பேரையே போடுடா” என்றார் மாமா. “கீழ பிள்ளைங்கன்னு ஒரு வரி வருமே, அதுல டுஃபி, டெச்சிமான்னு போடு.”

“செத்தவன் ஆசையை மறுக்கக் கூடாதுல்ல” என்று பாஃபோ சிரித்தான். பத்து அச்சடித்தோம். மூன்று போதுமானதாக இருந்தது. மிச்சத்தில் ஒன்றை மாமா டெச்சிமான் பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டியது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மாமா வீட்டு முற்றத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார், மூக்கில் பஞ்சோடு. கறுப்புத் துணி கட்டிய அக்கம்பக்கத்துப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே ஒரு வண்டி நின்றது. தலையில் துக்கத்துக்கான சிவப்புப் பட்டி கட்டிய ஒருத்தி “அப்பா, அப்பா” என்று ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தாள். மற்றவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. பாஃபோ என் காதில் “எடு, எடு” என்றான். எடுத்தேன். எங்கள் படத்தில் அதைவிட நல்ல காட்சி இல்லை. அதை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

மாமா கண் திறந்தார். “டுஃபி. வந்துட்டியாம்மா.”

அவள் அலறிப் பின்னால் போனாள். கூட வந்திருந்த மாமியார் எங்கள் போன்களைப் பார்த்துவிட்டு, “பிணம் பேசுது, துக்க வீட்டுக்குன்னு நாம கொண்டுவந்த தண்ணி பாட்டில் பெட்டிய வண்டியில ஏத்து” என்றாள்.

டுஃபி சிரிக்கவில்லை. “பத்து வருஷத்துல ஒரு போன் போட்டியா?”

“போட்டா எடுப்பியாம்மா?”

“எடுத்திருப்பேன்.”

மாமா பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்த பஞ்சை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. டுஃபி தலைப் பட்டியை அவிழ்த்து அவர் மடியில் போட்டாள். “இதையும் படத்துக்கு வெச்சுக்கோ. என் மாமியார் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்ட. இனிமே நீ செத்துட்டேன்னு எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன்.”

அதன் பிறகு மாமா தினமும் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, மதிய வெயிலில் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உறவினர்களிடம் அவருடைய நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நாங்கள் எடுத்தது. அதே படத்தோடு இன்னொரு சுவரொட்டி அச்சாயிற்று. டுஃபிக்கு அனுப்பினார்கள். குரல் பதிவு வந்தது: “இந்தத் தடவை என்ன சீன்?” பிறகு அனுப்பியவர்களின் எண்ணையும் பிளாக் செய்துவிட்டாள்.

நானே டெச்சிமான் போனேன். கதவைத் திறந்தவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“கேமராவ எங்க ஒளிச்சு வெச்சிருக்க?”

“அக்கா, சத்தியமா...”

“அன்னைக்கு எடுத்தவன் நீதானே” என்று சாத்திவிட்டாள். வெகுநேரம் தட்டினேன்.

எங்கள் வழக்கப்படி தகப்பனுக்குச் சவப்பெட்டி வாங்க வேண்டியது பிள்ளை. அதனால் குடும்பப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள், மாமா பிணவறைக் குளிரில் கிடக்கிறார். அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமைக்கு மேல் அவர்களும் பொறுக்க மாட்டார்கள்.

நாங்கள் என்ன சொன்னாலும் அவளுக்குப் படம்தான். ஆகவே இதைப் படிப்பவர்கள் டெச்சிமானில் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். சந்தையில் வெங்காயம் விற்கும் டுஃபி, லாரி ஓட்டுபவரின் மனைவி. அவள் நம்பும் யாராவது ஒருவர் நேரில் போய்ச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.