பணத்தைக் காக்கச் சொல்லிக்கொடுத்த காலம்

போன வாரம் திருப்பதியில் வீடு மாற்றும்போது ஒரு பழைய பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு ஏடிஎம் கார்டின் காகித உறை ஒன்று கையில் வந்தது. அதன்மேல் பேனாவால் எழுதிய நான்கு எண்கள். என் கையெழுத்தேதான். ரகசிய எண்ணை உறையிலேயே எழுதி வைத்திருந்த அந்த மகான் அப்போது என்ன வேலை பார்த்தான் தெரியுமா? பணத்தைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுத்தான்.

சிரிக்காதீர்கள். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

ஏதோ ஒரு தனியார் நிறுவனம். புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து சார்ட்டை மாட்டுவேன். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையில் வையுங்கள். போனில் யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதீர்கள். இந்தக் கடைசி வரிக்குக் குரலைத் தாழ்த்துவேன். என் கையிருப்போ மாதம் இருபதாம் தேதியைத் தாண்டியதில்லை.

சத்தியவேட்டு வகுப்புக்குச் செல்வி அக்கா வருவார். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. முதல் நாளே கையைத் தூக்கினார்.

"ஆறு மாசத்துக்கு எடுத்து வைன்றியே, நீ எவ்ளோ வெச்சிக்கீற சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு அவரே தன் வழியைச் சொன்னார்: "வூட்ல ஓடாத மிக்ஸி ஒண்ணு கீது. அதுக்குள்ளதான் வெப்பேன். எங்க வூட்டுக்காரரு அத்தத் தொடவே மாட்டாரு. தொட்டா ரிப்பேர் பண்ணணுமே!"

என் சார்ட்டில் இப்படி ஒரு யோசனை இல்லை.

ஒருநாள் காலை ஸ்ரீ சிட்டி போகும் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். தங்கையின் நர்சிங் படிப்புக்காக நைனா கரும்பு விற்றுப் போட்ட பணம் என் கணக்கில் இருந்தது. போன் வந்தது. அழகான தெலுங்கு. என் பெயரோடு 'காரு' சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அதுவரை யாரும் எனக்குக் 'காரு' போட்டதில்லை. கார்டு முடங்கப் போகிறதாம். ஒரு எண் வரும், சொன்னால் போதுமாம். சொன்னேன். இன்னொன்று வந்தது. அதில் பாதி படிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து போனைப் பிடுங்கியது.

"இன்னா தம்பி, நம்பர் சொல்லிக்கினு கீற? நீதான சொல்லக்கூடாதுன்ன!"

செல்வி அக்கா அழைப்பைத் துண்டித்தார். முதல் எண்ணுக்கே பதினெட்டாயிரம் போயிருந்தது. மீதி தப்பியது. அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னை வங்கிக்கு இழுத்துப் போனார்.

கார்டை முடக்கிய அலுவலர், "மீரு ஏம் சேஸ்தாரு?" என்று என் வேலையைக் கேட்டார். கழுத்தில் நிறுவன அட்டை தொங்கியது. அக்கா கண்ணைக் காட்ட, அதைச் சட்டைக்குள் விட்டேன்.

"பவர்லூம் ஓட்றான் சார். பாவம், இதெல்லாம் தெரியாது."

அலுவலர் பொறுமையாக என் பாடத்தையே எனக்கு எடுத்தார். என்னைவிட நன்றாகவே எடுத்தார். நானும் பவ்யமாகத் தலையாட்டினேன்.

போன பணம் திரும்பவில்லை. தங்கை அந்த வருடம் ஹாஸ்டலில் சேராமல் நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வகுப்பில், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று அந்தக் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் செல்வி அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை.

"அந்தாளு இப்ப எப்படி கீறாரு சார்?"

"நல்லா இருக்காருக்கா."

"ஒழுங்கா துன்றாரா?"

"துன்றாரு" என்றேன். நான் எடுத்ததில் உருப்படியான வகுப்பு அது ஒன்றுதான்.

நிறுவனத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். அக்கா மகளோடு குப்பம் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. ஸ்ரீ சிட்டி ரூட்டில் ஷேர் ஆட்டோ இன்னும் ஓடுகிறது. போன மாதம் ஏறினேன். எல்லோர் காதிலும் இயர்போன். எதிரே ஒரு பெண் போனில் பேசியபடியே அழுதுகொண்டிருந்தாள். "இன்னாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை. நானும் என் போனைப் பார்த்துக்கொண்டேன்.