சாவுக்குப் போகாத சாமி

மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர், கரும்பு விவசாயம். எட்டாவது வருஷமாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். ஒருத்தன் கழுத்தில் குருசாமி ருத்ராட்சத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் அவன் சாதாரண ஆளில்லை, சாமி. ஊரே அப்படித்தான் கூப்பிடும். அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பிடித்திருந்தது.

அப்போதுதான், பதினெட்டு வருஷம் என் கரும்புக்குத் தண்ணீர் கட்டியவர் மாரடைப்பில் போய்விட்டார். சேதி சொல்ல அவருடைய மச்சினன் வந்தான்.

"சாமி, அக்கா உங்கள கூட்டிக்கினு வரச் சொல்லிச்சு. மொகத்த ஒருவாட்டி பாத்துட்டுப் போனா போதுமாம். உங்களுக்காகத்தான் இன்னும் எடுக்காம வெச்சிக்கினு இருக்கோம்" என்றான்.

கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "மாலை போட்டிருக்கேன்பா. சாவு வூட்டுக்கு வரக்கூடாது."

"ஆமாங்க சாமி, அத நெனைக்காம வந்துட்டேன்" என்று அவன்தான் சங்கடப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாலை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். அவர்கள் தெருவில் சாவுக்குப் போய் நிற்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மற்ற சமயமாக இருந்தால் சாக்குத் தேட வேண்டும். அந்த முறை அது கழுத்திலேயே கிடந்தது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ரிஷிவந்தியத்தில் ஒரு பெரிய வீட்டில் சாவு. என் மகனுக்குப் பெண் கேட்டுக்கொண்டிருந்த இடம். இறந்தது பெண்ணின் தாத்தா. போகாவிட்டால் சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

குருசாமி தடுத்தார். "பங்காளியும் இல்ல, சம்பந்தமும் இன்னும் முடியல. எதுக்கு சாமி மாலைய எறக்கணும்? காரியம் முடிஞ்சப்புறம் போய் விசாரிச்சிக்கலாம்."

நான் கேட்கவில்லை. கோயிலில் மாலையைக் கழற்றிப் பாலில் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டிக்கு மாறிக்கொண்டு ஓடினேன். பெண் வீட்டார் கண்ணில் படும்படி முன்னால் போய் நின்றேன். அங்கே மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்களில் அந்த மச்சினனும் இருந்தான். என் முகத்தைப் பார்த்தான். வெறுங்கழுத்தையும் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடித்தான்.

மார்கழியில் அவன் அக்கா எங்கள் கரும்பு வெட்ட வந்தார். தம்பி எல்லாம் சொல்லியிருப்பான் என்று தெரியும். அந்தம்மா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கூட வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி சும்மா இருக்காமல், "இன்னாங்க, இந்த வருஷம் மாலைய நடுவுலயே எறக்கிட்டீங்களாமே?" என்று கேட்டுவிட்டாள். பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தம்மாதான் பதில் சொன்னார். "பங்காளி வூட்ல சாவுன்னா எறக்காம இன்னா பண்ணுவாங்க? நீ வேலையப் பாருடி."

சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கரும்பை வெட்டிக்கொண்டு போனார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தம் முடிந்து பேரனும் பிறந்துவிட்டான். நான்தான் அதற்குப் பிறகு மாலை போடவில்லை. கேட்பவர்களிடம் முட்டிவலி என்கிறேன். மாலை போட்டால் அந்தம்மாவும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.