தொரை பங்களா முன்னால் நின்ற படம்

அம்மாவுக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்தார்கள். இத்தனை நாள் எல்லாவற்றையும் மசமசப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது என் சட்டைக் காலரில் இருக்கும் அழுக்கைக்கூட விடுவதில்லை. நேற்று செனாவாங் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியைக் கையில் எடுத்தார்.

"நீதான் ஊரு ஊராப் போயி கட்டடமாப் படம் புடிச்சி வெச்சிருக்கியே, நம்ம தோட்டத்து லயத்தக் காட்டு லா. நாம இருந்த வீட்ட ஒரு தடவ பாத்துரணும்."

கேமராவில் எடுத்ததெல்லாம் அதில்தான் ஏற்றி வைத்திருக்கிறேன். வாங்கித் தேடினேன். என்னிடம் இல்லாத கட்டடமா? பினாங்கு கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதை, மலாக்காவின் சிவப்புச் சுவர்கள், கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தின் குமிழ்க் கோபுரங்கள், மாட்டுக்கொம்பாக வளைந்த சிரம்பான் பக்கத்து மலாய் வீட்டுக் கூரைகள். எங்கள் வீடு மட்டும் இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது, செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு. வெளியூருக்கு அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் மற்றவர்கள் சாப்பாட்டுக் கடை தேடுவார்கள். நான் ஒரு பழைய கேமராவோடு தூணையும் ஜன்னலையும் தேடுவேன். ஈப்போவில் ஒரு கடைவீட்டை முழுசாகப் பிடிக்கிறேன் பேர்வழி என்று பின்பக்கமாகவே நடந்து சாக்கடைக்குள் காலை விட்டேன். கூட வந்த லோரி டிரைவர் மாணிக்கம் அண்ணன்தான் தூக்கிவிட்டார்.

"என்னா தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிற? கட்டடம் எங்கயும் ஓடிப்போவாது லா."

நானும் அப்படித்தான் நம்பினேன்.

பழைய கட்டடங்களுக்குள் நுழைந்ததும் ஈரப்பலகை வாசம் ஒன்று வருமே, அதற்காகவே கொஞ்ச நேரம் நிற்பேன். அது எங்கள் லயத்து வாசம் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசை வீடுகள். மழை பிடித்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எங்கள் சமையலறைப் பலகையில் கணு விழுந்து ஓர் ஓட்டை இருந்தது. அம்மாவும் அடுத்த வீட்டுச் செல்லம்மா அக்காவும் அதன் வழியாகத்தான் ஊர்க்கதை பேசுவார்கள். எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் அந்த ஓட்டையிலிருந்து ஒரு கிண்ணம் கேட்கும் குரல் வரும்.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பக் குடும்பப் படம் எடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஆனால் லயத்தின் முன்னால் ஒரு குடும்பமும் நிற்காது. சிரம்பான் ஸ்டூடியோக்காரர் மோட்டாரில் வந்து இறங்கியதும், புதுத்துணியோடு எல்லாரும் மேட்டிலிருக்கும் தொரை பங்களாவுக்கு ஏறுவோம். அப்பா அங்கே தோட்டக்காரர். தொரை போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து கேட்டைத் திறந்துவிடுவார். வெள்ளைத் தூண், வளைந்த படிக்கட்டு, அதன் முன்னால் குடும்பம் குடும்பமாக நாங்கள்.

ஒரு வருடம் அம்மா, "நம்ம வாசல்லயும் ஒண்ணு எடுத்துக்கலாங்க," என்றார்.

"லயத்தப் புடிச்சி அனுப்புனா, மலாயா போயும் கொட்டாயிலதான் கெடக்கான்னு சிரிப்பானுங்க. வேணாம்," என்றார் அப்பா. அம்மா பிறகு கேட்கவேயில்லை.

அப்பா இறந்துபோன பிறகு, செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடிக்கத் தமிழ்நாடு போனேன். அப்படியே அப்பாவின் தங்கையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் ஊருக்குப் போனால், கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நாங்கள், தொரை பங்களா முன்னால். வருகிறவர்களுக்கெல்லாம் 'எங்க அண்ணன் வீடு' என்று காட்டுவாராம்.

"இம்புட்டுப் பெரிய வீட்டக் கூட்டிப் பெருக்க எத்தன ஆளுப்பா?"

"வாசல், தோட்டமெல்லாம் அப்பாதான் அத்தை."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கண்ணன் மாதிரியே ஒனக்கும் குசும்பு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் கூட்டிய படியில் அப்பா நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். சட்டத்தோடு அதை ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

லயத்தை இடித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பங்களாவுக்கு வெள்ளையடித்து, கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வாடகைக்கு விடுகிறார்கள்.

வேறு வழியில்லாமல் நேற்று அம்மாவிடம் அத்தை வீட்டுப் படத்தைத்தான் காட்டினேன். முதலில் அப்பாவைத் தடவினார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம் மேட்டுக்குக் கீழதான நம்ம லயம்?"

"ஆமாம்மா."

பேத்தி எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி விரலால் படத்தைத் தள்ளினார். செட்டிநாட்டு வீடு ஒன்று வந்தது.

"இது யாரு வீடு?"

"தெரியலம்மா."

மறுபடியும் தள்ளினார். இன்னொரு வீடு. அதற்கப்புறம் ஒரு தூண், ஒரு கதவு, யார் யாருடையதோ.

"இன்னுங் கொஞ்சம் தள்ளுனா வந்துரும்," என்று அம்மா தள்ளிக்கொண்டே இருந்தார்.