மீன் விட்ட சுனை

ஏவிஸ் டிரிஃபிட் பெங்குவின் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி டாஸ்மேனியாவின் நடுமலைக்கு வந்தபோது அவளுக்கு அக்கம்பக்கமென்று வாய்த்தவை காற்று, பனி, வாலபி என்ற சின்னக் கங்காருகள், ஒரு கணவன். கணவன் க்ளைட்டுக்கு, மின்சாரம் எடுக்க வெட்டிய கால்வாயைக் காவல் காக்கும் வேலை. அந்தக் கால்வாயைப் போலவே அவனும் ஓசைப்படாமல் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருப்பான்.

வீட்டுக்குத் தண்ணீர், மலையில் ஓர் அருவிக்கு மேலே இருந்த சுனையிலிருந்து குழாய் வழியாக வரும். முதல் குளிர்காலத்தில் குழாய் உறைந்துபோக, ஏவிஸ் வாளியோடு மேலே ஏறினாள். சுனையின் ஓரத்துப் பனிக்கட்டியை உடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அடியில், கற்களுக்கு நடுவே, விரல் நீளத்தில் பழுப்பு நிற இறால்கள் நடந்துகொண்டிருந்தன. கடல் இறால் அவளுக்குத் தெரியும். அதற்கு முதுகில் ஓடு உண்டு. ஆளைக் கண்டால் ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும். இவற்றுக்கு ஓடும் இல்லை, ஓட்டமும் இல்லை. வாளி இறங்கியபோது ஒன்று மட்டும் ஒதுங்கி வழிவிட்டது. மற்றவை தங்கள் வேலையைப் பார்த்தன.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் தேவைக்கு அதிகமாகவே தண்ணீர் எடுத்தாள்.

குழாய் சரியான பிறகு இறால்களே கீழே வர ஆரம்பித்தன. வீட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டியில் குடியேறின. எப்போதாவது ஒன்று கெட்டிலுக்குள்ளும் வந்து விழும்.

"உன் சொந்தக்காரர் வந்திருக்கார்" என்பான் க்ளைட்.

"உன் பக்கத்துலேருந்துதான் யாரும் வர்றதில்லையே" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துத் தொட்டியில் விடுவாள் ஏவிஸ்.

க்ளைட்டின் பக்கத்திலிருந்து வந்தவன் அவன் நண்பன் பேசில் ஆர்ச்சர்ட். பாத்வெல் ஊரின் தூண்டில் சங்கத்துக்குத் தலைவன். கண்ணில் பட்ட தண்ணீரிலெல்லாம் டிரவுட் மீன் இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. கீழே இருந்த ஏரி முழுக்க டிரவுட்தான். ஆனால் டிரவுட்டால் அருவி ஏற முடியாது. அதனால் மேலே சுனையில் ஒன்றும் இல்லை. இது பேசிலை வெகுநாளாக உறுத்தியது. ஒரு சனிக்கிழமை காலை, பால் கேன் நிறைய மீன்குஞ்சுகளோடு வண்டியில் வந்து இறங்கினான்.

"க்ளைட் சரின்னுட்டான்" என்றான் ஏவிஸிடம்.

"எதுக்கு?"

"உங்க சுனையில விடறதுக்கு. மூணு வருஷத்துல பாரு, வாசல்லயே மீன்!"

"அங்க இறால் இருக்கே."

"அதான் விசேஷமே. குஞ்சுங்களுக்குத் தீனி தேட வேணாம். மொத்தத்தையும் தின்னுட்டு மளமளன்னு வளர்ந்துடும்."

ஏவிஸ் க்ளைட்டைப் பார்த்தாள். க்ளைட் தன் பூட்ஸைப் பார்த்தான்.

சாப்பிட்டுவிட்டு ஏறலாமென்று ஆண்கள் இருவரும் உள்ளே போனார்கள். குளிர்ந்த ஆட்டுக்கறியையும் ஊறவைத்த வெங்காயத்தையும் மேசையில் வைத்துவிட்டு ஏவிஸ் வெளியே வந்தாள். கேனைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். குஞ்சுகள் தங்கள் பெரியவர்களைத் தேடிப் போயின. திரும்பி வந்து, தொட்டித் தண்ணீரை இறால்களோடு மொண்டு கேனை நிரப்பி மூடினாள். உள்ளே பேசில் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டான். கொடுத்தாள்.

அந்தக் கேனை இருவரும் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து மலை ஏறினார்கள். ஏவிஸும் பின்னால் போனாள். பேசில் சுனைக்கரையில் தொப்பியைக் கழற்றிவிட்டு நான்கு வார்த்தை பேசினான். பிறகு கேனைச் சரித்தான். கலங்கிய தண்ணீரில் ஏதோ நெளிந்து இறங்கியது.

"போறான் பாரு! என்னா துடிப்பு!" என்றான் பேசில்.

இறால்கள் வீடு போய்ச் சேர்ந்தன.

மூன்றாவது வருஷத்திலிருந்து இருவரும் ஞாயிறுதோறும் சுனைக்கரையில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. முதலில் காற்றைக் குறை சொன்னார்கள், பிறகு தூண்டிலை, கடைசியில் ஒருவரை ஒருவர். ஏவிஸ் ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாமென்றுதான் நினைப்பாள். ஆனால் க்ளைட் திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். கால்வாயிலிருந்து வரும்போது அப்படி இருப்பதில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிடுவாள்.

அப்புறம் ஒருநாள், க்ளைட் சளியில் படுத்திருந்தபோது, தனியாகப் போன பேசில் மூன்று பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்து, பாவம் பார்த்து விட்டுவிட்டதாக வந்து சொன்னான். சங்கத்திலும் சொன்னான். க்ளைட் புதுத் தூண்டில் வாங்கினான். ஏவிஸ் பேசிலின் முகத்தையே பார்த்தாள். அதைப் பொய் என்று சொல்ல அவளால் மட்டும்தான் முடியும். அவளாலும் முடியாது.

வருஷங்கள் போயின. ஹோபார்ட் நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வலையும் புட்டிகளுமாக வந்து, சுனையில் ஒரு வாரம் அலசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீருக்கு வந்தாள். க்ளைட்டும் பேசிலும் இருந்தார்கள்.

"அற்புதமான சுனைங்க. இந்த இறால் இனம் டைனோசருக்கும் முந்தினது. கொஞ்சம்கூட மாறல" என்றாள் அவள்.

"அப்படியா" என்றாள் ஏவிஸ்.

"டிரவுட் ஒருதடவைகூட இங்க வந்ததில்ல. வந்திருந்தா இத்தனை இறால் மிஞ்சியிருக்காது."

"என்னம்மா பேசறே?" பேசில் எழுந்தேவிட்டான். "என் கையால விட்டேன்! இந்த க்ளைட்தான் சாட்சி!"

ஏவிஸ் ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். "நீ விட்டது இறால், பேசில். மீனையெல்லாம் நான் ஏரியில கொட்டிட்டேன்."

க்ளைட் மனைவியைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, பேசில் பக்கம் திரும்பினான்.

"அப்போ அந்த மூணு பவுண்டு?"

பேசில் கெட்டிலைப் பார்த்தான். "அன்னைக்கு வானம் மப்பா இருந்துச்சுடா. சரியாத் தெரியல."

"நான் புதுத் தூண்டில் வாங்கினேன்டா!"

பேசில் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆராய்ச்சிக்காரி இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டாள்.

அன்று எல்லோரும் போன பிறகு க்ளைட் கேட்டான், "ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேனைத் தூக்கிட்டு மலை ஏறினேன், ஏவிஸ்."

"பார்த்தேன்." அவள் மேசையைத் துடைத்தாள். "நான் வந்த முதல் வருஷம் நீ கால்வாயே கதின்னு கிடந்தே. எனக்குப் பார்க்கறதுக்கு அந்த இறாலுங்கதான் இருந்துச்சு."

க்ளைட் பதில் சொல்லவில்லை. வாரம் முழுவதும் சொல்லவில்லை. அது வழக்கம்தான் என்பதால் கோபமா இல்லையா என்று ஏவிஸுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் சுனைக்குக் கிளம்பியபோது தூண்டில் இல்லாமல் அவனும் கூடவே வந்தான். பாறைமேல் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் வெகுநேரம் பார்த்தான்.

"இதுங்க என்ன பண்ணுது?"

"நடக்குது."

"எங்க போகுது?"

"அந்தக் கல்லுக்கு. அப்புறம் திரும்பி வரும்."

அவன் காத்திருந்தான். அவை திரும்பி வந்தன. முழங்கை சில்லிட்டுப்போகும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

"பேசிலைக் கூப்பிட்டா வருவானா?" என்றான்.

"கூப்பிட்டுப் பாரு" என்றாள் ஏவிஸ். க்ளைட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டு அவளும் படுத்தாள்.