லாரியைத் திருப்பி அனுப்பிய மெகரக்கா

கன்னத்தில் சவர நுரையோடு நின்றிருந்தேன். குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி வாசலில் வந்து நின்று, "மொதல்ல பைப்பை மூடுங்க. மெகரக்கா போயிட்டாங்க" என்றாள். மூடிவிட்டுத்தான் அழுதேன். வரிசையை மாற்றியிருந்தால் அக்காவே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

ரேஷன் கார்டில் அவர் பெயர் மெகருன்னிசா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டீசர்ட்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். அதே விரல்தான், சொட்டுகிறதா என்று எங்கள் காம்பவுண்டுக் குழாய்களையும் தடவியது. இதைப் படிக்கிற காம்பவுண்டுக்காரர்களில் பாதிப்பேர் அந்த விரலுக்குப் பயந்தவர்கள்தான், மறைக்க வேண்டாம்.

எங்களுடையது ஆறு வீடுகள் கொண்ட லைன். முன்னால் மாடி வீட்டில் ஓனர். எல்லாருக்கும் தரைக்கடியில் ஒரே தொட்டி. போர்வெல் வற்றினால் லாரித் தண்ணீர். அந்தக் காசு ஆறு வீட்டுக்கும் பங்கு. ஓனர் வீட்டுக்குப் பங்கு கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நான் எப்படிக் கேட்பேன்? அவரைக் கண்டாலே மடித்துக் கட்டிய லுங்கி தானாக இறங்கிவிடும் எனக்கு.

ஒரு கோடையில் ஓனர் வந்து, தண்ணீர்க் காசு இனி இரண்டு மடங்கு, முடியாதவர்கள் காலி பண்ணலாம் என்றார். நான் "சரிங்க" சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"ஒரு மாசம் பொறுங்க. லாரி பாதியாக் கொறையலைன்னா மொத ஆளா நான் ஊட்டைக் காலி பண்றேனுங்க."

கணவர் இல்லாமல் இரண்டு பெண்களை அவர் வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அந்த வீட்டில்தான். சோமனூரில் மகள்கள் இருப்பதோ ஆளுக்கு ஒற்றை அறையில். அக்காவுக்குப் போக்கிடம் கிடையாது.

மறுநாளே வேட்டை தொடங்கியது. நான்கைந்து நாளுக்கொருமுறை நல்ல தண்ணீர் வரும். வந்ததும் டிரம்மில் மிச்சமிருப்பதைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பிடிப்பது எங்கள் வழக்கம். இரண்டாம் வீட்டுச் செல்வி டிரம்மைச் சாய்க்கும்போது அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு கொட்டற?"

"பழைய தண்ணிங்க்கா."

"புடிச்சு நாலு நாளுக்குள்ள வயசாயிருச்சா? அப்ப என்னையும் சேத்துக் கொட்டிரு."

அன்றிலிருந்து பழைய தண்ணீர் துணி அலசியது. அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போனது.

அடுத்தது என் மானம் போன கதை. ஃபிளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருந்தார். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் மருமகனிடம் சிவப்புச் சாயம் வாங்கி, ஒவ்வொரு வீட்டு டேங்கிலும் ஒரு சிட்டிகை போட்டார். தண்ணீர் திறக்காமலே கீழே சிவப்பு வந்தால் கசிவு. என் மனைவிக்குத் தெரியும்; என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள். காலையில் நான் கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்து கீழே பார்த்தேன். ஒரே சிவப்பு. கட்டிலில் போய்ப் படுத்து, பைக்கை யாருக்குக் கொடுப்பது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. டேங்குக்குத்தான் வியாதி. எந்திரிச்சு வாஷர் வாங்கிட்டு வாங்க."

மாசக் கடைசியில் வழக்கம்போல லாரி வந்தது. தொட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் தண்ணீர். வந்த லாரி ரிவர்ஸிலேயே திரும்பிப் போனது. அந்த மாதம் வந்த லாரிகளில் அதோடு பாதி அப்படித் திரும்பிவிட்டன. ஓனர் விடவில்லை. "இருந்தாலும் எங்கியோ கசியுது. காசு ஏத்தித்தான் ஆகோணும்."

"கசியறது எங்க ஊடுகள்ல இல்லீங்க. உங்க ஊட்டுலயும் ஒரு சிட்டிகை போட்டுப் பாத்துரலாமுங்களா?"

"ஏனுங்க மெகரு, எங்க ஊட்டுக் கக்கூஸையே செக்கிங் பண்ண வந்துட்டீங்களா?"

"நான் வாசல்லயே நிக்கறனுங்க. நீங்களே போடுங்க."

உள்ளேயிருந்து ஓனரம்மா வந்து சாயப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது. "ரெண்டு கக்கூஸும் செக்கச்செவேல்னு இருக்குது. வருசக்கணக்காச் சொல்றேன், கேட்டாத்தான?"

அந்த மாதம் முதல், இரண்டு மடங்குப் பேச்சு போய், ஓனர் வீட்டையும் சேர்த்து லாரிக் காசு ஏழு பங்கானது. அக்கா அதே வீட்டில் இருந்தார்.

"பயமா இல்லீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கால் நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு தம்பி. அவரு மூஞ்சியத்தான பாத்தாரு."

அடக்கம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓனர் வந்தார். "அந்தம்மா இருந்த வரைக்கும் சரி. இனிப் பழையபடி ஆறு பங்குதான்."

நான், "ஏழுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் செல்வி. அப்புறம் மற்ற வீட்டுக்காரர்கள்.

"நீங்களுமா?" என்றார் ஓனர், என்னைப் பார்த்து.

"நானுந்தானுங்க."

யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். தாராளமாக யோசிக்கட்டும். அக்கா வாங்கிக் கொடுத்ததில் என் கையில் இருப்பது அந்த ஏழாவது பங்கு. அதை விட்டுத்தர மாட்டேன். காலி பண்ணச் சொல்வதானால், எல்லா வீட்டையும் சேர்த்தே சொல்லட்டும்.