இருமல் வராத மருந்து

சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு காய்ச்சும் கலத்துக்குள் ஆயிரத்துக்கும் மேல் குழாய்கள் நிற்கும். சில வாரம் ஓடினால் அவற்றின் உட்புறம் கல் மாதிரிப் படிவு ஏறிவிடும். ஆலையை ஒருநாள் நிறுத்தி, மருந்து விட்டு அதைக் கரைப்பது எங்கள் வேலை. முதலாளிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட். நான் நெமிலிச்சேரியில் இருக்கிறேன். வேன் பட்டாபிராமில் நின்று என்னை ஏற்றிக்கொள்ளும்.

பல வருடமாக ஆசிட்தான். பம்பு அதைக் கலத்துக்குள் சுற்றவிடும். திரும்பி வருவதில் காட்டம் குறைந்திருந்தால், உள்ளே படிவு இன்னும் அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போன காட்டம் அப்படியே திரும்பினால் வேலை முடிந்தது. அதை முகர்ந்து "போதும்" என்று சொல்கிறவன் நான்.

எனக்கு மூக்கு போய் ஆறேழு வருடம் ஆகிறது. ஒருநாள் வீட்டில் பால் தீய்ந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவதோடு நின்ற எனக்கு வேலையில் இருந்த மரியாதை அந்த ஒரு சொல்தான்.

பம்பு பார்க்கும் கூட்டாளி ஆவடிக்காரன். காட்டம் திரும்பினால் அவனுக்கு இருமல் வரும். இரண்டு தடவை இருமியதும் நான் குனிந்து முகர்வது போலச் செய்து, "போதும்" என்பேன். ஒருமுறையும் தப்பியதில்லை.

போன வருடம் முதலாளி புது மருந்து கொண்டுவந்தார்.

"பழத்துல இருக்கிற புளிப்பு மாதிரிதாண்ணே இது. புகை வராது, கண்ணு எரியாது. கழுவுன தண்ணிய ஆலையோட சுத்திகரிப்புத் தொட்டியிலயே விட்டுடலாம். திரும்பி வர்றதுல புளிப்பு எவ்வளவு மிச்சம்னு நிறம் காட்டும், அப்பப்ப இந்தத் தாளை நனைச்சுப் பாருங்க" என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். மேலே வரிசையாக நிறங்கள். எழுதியிருந்தது எல்லாம் ஆங்கிலம். எந்த நிறம் வரவேண்டும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மருந்தை விட்டோம். கூட்டாளி குழாய் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். "இன்னா அண்ணாத்தே, ரசம் வெச்சா மாதிரி கீது!"

நான் தலையாட்டினேன். அவன் இருமவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் இருமவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலை அதிகாரி இரண்டு தடவை வந்து, வாசலில் கரும்பு லாரி நிற்கிறது என்றார். மூன்றாம் தடவை வந்தபோது, "போதும்" என்றேன்.

கலத்தைத் திறந்து டார்ச் அடித்தார்கள். குழாய்களில் பழுப்புப் படிவு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"இதுக்குத்தான் புது மருந்தா? பழைய ஆசிட்டையே விடுங்க. இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார் அதிகாரி.

முதலாளி மருந்துக் கேனைப் பார்த்தபடி நின்றார். அந்த மருந்துக்காக அவர் ஒரு வருடமாக எங்கெங்கோ அலைந்திருந்தார்.

"மருந்து மேல தப்பில்ல சார். நான்தான் முன்னாடியே நிறுத்திட்டேன். தாளை நனைக்கவே இல்ல. எனக்கு மூக்கு வேலை செய்யாது. ரொம்ப நாளாச்சு" என்றேன். என் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

கூட்டாளிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஊசிப்போன சாம்பாரை ஊத்திகினு துன்னியே, அப்பவே தெரியும் அண்ணாத்தே. நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

முதலாளி என் பையிலிருந்து பெட்டியை எடுத்து ஒரு தாளை நனைத்தார். என்னைத் திட்டவில்லை. "மருந்து தீந்துபோச்சு. படிவு இன்னும் தின்னுது" என்று அதிகாரியிடம் காட்டினார். "நாலு மணி நேரம் குடுங்க."

புது மருந்து ஊற்றி மறுபடி சுற்றவிட்டோம். முதலாளியே தாளை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திறந்தபோது குழாய்கள் சுத்தமாக இருந்தன. அதிகாரி பார்த்துவிட்டு, அடுத்த தடவையும் இதையே கொண்டுவரச் சொன்னார். மீதித் திரவம் கையில் பட்டது. எரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஆலையில் முதலாளி பெட்டியைக் கூட்டாளியிடம் கொடுத்தார். என்னை வால்வு பக்கம் நிற்கச் சொன்னார். மத்தியானம் அவன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "போதும்" என்றான்.

நான் வால்வை மூடினேன்.